பதினாலாவது சோதனை

ஈச்சங்காட்டுப்பட்டி,
கொல்லிமலை.
12.7.2025

அன்புள்ள தம்பி சந்தோஷுக்கு,

அண்ணி சுமித்ரா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஓசூரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைப்பாய். நான் என்ன செய்ய? என் போன் போன வருடமே செத்துப் போயிற்று. உன் அண்ணன் விட்டுப்போன பட்டன் போனைத்தான் வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி எட்டுத் தடவை உனக்கு அடித்தேன். ஒரு தடவையாவது எடுத்தாயா? அவர் கருமாதி முடிந்து மலை இறங்கியவன் இன்னும் ஏறி வரவில்லை. கேட்டால் வேலை என்பாய். சரி, வேலைதான்.

விஷயம் இதுதான். மண் சரியும் முன் ஊதி எச்சரிக்கிற மழைச்சங்கு ஊருக்குத் திரும்ப வேண்டும். அன்று மண் சரிந்தபோது கரண்டுக் கம்பமும் சாய்ந்து கம்ப்யூட்டர் கருகியதே, அதிலிருந்து சங்கு ஊமையாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிரிசில்லா டீச்சர் அங்கே கழித்துப்போட்ட ஒரு சிஸ்டத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். மேட்டு ஓடையில் மழை அளக்கிற குழாய், ஒயர், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. புரோகிராம்தான் ஓடமாட்டேன் என்கிறது. மழையின் அளவைப் பார்த்து, ஊதலாமா வேண்டாமா என்று முடிவு சொல்லும் லைப்ரரி ஒன்றை உன் அண்ணன் எழுதினாரே, அது இல்லையாம். இது வேறு மாதிரி மெஷின் என்பதால் சோர்ஸ் கோடிலிருந்து புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும் என்று டீச்சர் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

சோர்ஸ் கோடு உன் அண்ணனுடைய பென்டிரைவில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களே, அதேதான். சேற்றைப் பழைய பல் பிரஷால் தேய்த்து எடுத்தேன். திறக்கிறது. நான் சொசைட்டி ஆபீசில் டைப் அடிக்கிறவள், சொன்னதைச் சொன்னபடி அடித்துவிடுவேன். ஐப்பசி மழைக்குள் சங்கு ஊத வேண்டும். சரிவுக்குக் கீழே முப்பத்தொரு வீடு இருப்பது உனக்குத் தெரியாததா?

இன்னொன்று. உன் அண்ணன் போனில் கடைசியாகப் போன கால் உனக்குத்தான். நவம்பர் மூன்று, மாலை நாலு மணி ஐந்து நிமிடம். பிறகு போன் நனைந்துவிடும் என்று வீட்டில் வைத்துவிட்டு மேட்டு ஓடைக்குப் போனார். நான் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தேன், பார்க்கவில்லை. உன்னிடம் என்ன பேசினார் தம்பி? அதைக் கேட்கத்தான் அத்தனை தடவை அடித்தேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணி சுமித்ரா


ஓசூர்
24.7.2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போன் எடுக்க முடியாமல் போனதற்கு மன்னியுங்கள். ஆபீசுக்குள் போனை விடுவதில்லை.

பார்சலில் ஒரு பென்டிரைவும் இருக்கிறது. கம்பைலரும் வேறு சில கோப்புகளும் அதில் உள்ளன. முதலில் அவற்றை ஏற்றிவிடுங்கள். அதன்பின் அண்ணனின் ஃபோல்டருக்குள் போய் 'கான்ஃபிகர்' கொடுக்க வேண்டும். மெஷினில் என்னென்ன இருக்கிறது, எது குறைகிறது என்று அது பார்த்துச் சொல்லும். குறை இல்லை என்றால் 'மேக்'. கோடு முழுவதையும் மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கட்டுவது அதன் வேலை. கடைசியாக 'மேக் இன்ஸ்டால்' கொடுத்தால் லைப்ரரி தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான். கட்டளைகளைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அண்ணனின் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

வணக்கத்துடன்,
சந்தோஷ்குமார்


ஈச்சங்காட்டுப்பட்டி
4.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. மாமா மூன்று வேளையும் பூசிக்கொண்டு ஊடு முழுக்க மணக்க வைக்கிறார். நேற்று ஆடிப் பதினெட்டு. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஊரே கிளம்பிப் போயிற்று, நாங்கள் போகவில்லை. வருடம் திரும்பவில்லை அல்லவா?

நீ ஒன்றை முன்னாடியே சொல்லியிருக்கலாம். அந்தக் கான்ஃபிகரை நான் தட்டியதும் திரையில் உன் அண்ணன் பேசினார். அவர் எழுதி வைத்தது அப்படியே தமிழில் வருகிறது. "கம்பைலர் இருக்குதான்னு பாக்கறேன்... இருக்குதுங்க." "மழைக்குழாய் ஒயர் படிக்கிற சாமான்... இல்லீங்க. போட்டுட்டு மறுக்கா வாங்க." நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன். அப்புறம் வந்து நீ அனுப்பியதில் விட்டுப்போனதை ஏற்றி, மறுபடி தட்டினேன். "இப்ப இருக்குதுங்க" என்றார்.

மாமாவிடம் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டேன். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்கிறார். "அவன் உள்ளாரதான் இருக்கானா, கண்ணு?" என்று ஒரு நாள் கேட்டார். வேலை முடிந்துபோன கான்ஃபிகரை அவருக்காக மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டுகிறேன். பொய் எதற்கு, எனக்காகவும்தான்.

மேக் கொடுத்தேன். அதில்தான் சிக்கல். கோப்புக்குக் கோப்பு ஓர் எச்சரிக்கை, இங்கிலீஷில். டீச்சர் படித்துச் சொன்னார், இந்தக் கோப்பின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது, கட்டியது அரைகுறையாக இருக்கலாம் என்று. போய்ச் சேர்ந்தவர் எழுதியது எப்படி எதிர்காலத்தில் இருக்கும்?

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கடைசியாக என்ன பேசினார்?

அன்புடன்,
அண்ணி


ஓசூர்
13.8.2025

அண்ணிக்கு வணக்கம். நலம், நலமே விழைகிறேன்.

பயப்பட ஒன்றும் இல்லை. அந்த மெஷினில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். மெஷின் அணைந்திருந்தாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறை போடும்போதும் மெஷின் பல வருடத்துக்கு முந்தைய காலத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. பழைய காலத்தில் நின்று பார்த்தால் அண்ணன் எழுதியதெல்லாம் இனிமேல் வரப்போவதாகத்தான் தெரியும். வாட்ச் கடையில் பேட்டரி கிடைக்கும். மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்து, மேக் கொடுங்கள். பிறகு நேராக இன்ஸ்டால்.

வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

சந்தோஷ்


ஈச்சங்காட்டுப்பட்டி
25.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பேரும் சௌக்கியம். உன் கடிதம் நாளுக்கு நாள் தந்தி மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

பேட்டரிக்காகச் சேந்தமங்கலம் வரை போனேன். எழுபது வளைவும் இறங்கி, காரவள்ளியில் குடலைப் பிடித்துக்கொண்டு நின்று, வாங்கி, மறுபடி எழுபது வளைவும் ஏறினேன். காசு அளவுதான் இருக்கிறது, படுத்துகிற பாடு பெரிதாக இருக்கிறது. மாற்றியதும் எச்சரிக்கை எல்லாம் போய்விட்டது. மேக் சுத்தமாக முடிந்தது.

இன்ஸ்டால் கொடுக்க விரலை வைத்தேன். அப்போதுதான் டீச்சர், ஃபோல்டரில் 'முதலில் படிக்கவும்' என்று ஒன்று இருக்கிறதே, படித்தீர்களா என்றார். அதில் உன் அண்ணன் எழுதியிருக்கிறார்: "மேக் செக் பண்ணாம யாரும் இன்ஸ்டால் பண்ணாதீங்க. நானே வந்து சொன்னாலும் பண்ணாதீங்க." கட்டியது சரியா என்று சோதித்துப் பார்க்கிற மேக் செக் என்ற ஒன்றே உன் தாளில் இல்லையே தம்பி. எப்படி மறந்தாய்? தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, விளக்கேற்றுகிற மாதிரி, அவர் அதைத்தானே ஓட்டுவார்?

ஓட்டினேன். மொத்தம் பதினாலு சோதனை. ஒவ்வொன்றுக்கும் "சரிங்க", "சரிங்க" என்று வந்தது. மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பதிமூன்று வரைக்கும் சரி. பதினாலாவதில் நின்றுவிட்டது. "மழை ஒரு மணி நேரத்துல நாப்பது மில்லி. சங்கு ஊதோணும். ஊதலீங்க."

மூன்று நாள், பத்துப் பதினைந்து தடவை ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே சொல். ஊதலீங்க. அன்றைக்கும் இதேதானே நடந்தது? அத்தனை மழைக்கும் அது ஊதவில்லையே. ஏன் ஊதவில்லை என்று பத்து மாதமாக ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கும் தெரியவில்லை. இது என்ன என்று சொல்.

அண்ணி சுமித்ரா


ஓசூர்
2.9.2025

அண்ணிக்கு,

வணக்கம். அந்தச் சோதனை பழையது. பொருட்படுத்த வேண்டாம். விட்டுவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள். நான் வேறு ஒரு லைப்ரரி எழுதி அனுப்புகிறேன், பின்னால் அதை மாற்றிக்கொள்ளலாம்.

அப்பாவை மெஷின் பக்கம் உட்கார வைக்காதீர்கள்.

சந்தோஷ்


ஈச்சங்காட்டுப்பட்டி
10.9.2025

தம்பிக்கு,

மாமா நலம். நான் நலம் இல்லை.

பழைய சோதனை என்றாய். கடிகாரம் சரியான பிறகு கோப்புகளின் தேதி எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. எல்லாமே இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தியவை. இரண்டே இரண்டு கோப்பு மட்டும் போன வருடம் நவம்பர் மூன்று. ஒன்று லைப்ரரியின் நடுக்கோப்பு, காலை பதினொன்று பத்து. இன்னொன்று அந்தப் பதினாலாவது சோதனை இருக்கிற கோப்பு, மாலை நாலு இருபது. பழையது என்றாயே, அவர் கை கடைசியாகப் பட்டதே அதில்தான்.

நாலு இருபதுக்கு அவர்தான். பதினொன்று பத்துக்கு அவர் இல்லை. அன்று காலை அவர் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு போடப் போயிருந்தார், ஒரு மணிக்குத்தான் வந்தார். நான் பெரிய சட்டியை வைத்து உனக்குக் கட்டுச்சோறு கிண்டிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு மெஷினைப் போடவும் தெரியாது. சிஸ்டத்துக்கு முன்னால் ஒரு ஆள்தான் இருந்தது. பன்னிரண்டு மணி பஸ் ஏறுகிற வரைக்கும் இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்.

சுமித்ரா


ஈச்சங்காட்டுப்பட்டி
2.10.2025

தம்பிக்கு,

மூன்று வாரம் ஆயிற்று. தபால்காரர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

மழை பிடித்துவிட்டது. சங்கைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம், அதை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது நான் முதல் கடிதத்தில் கேட்டது மட்டும்தான். நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு என் வீட்டுக்காரர் உன்னிடம் என்ன பேசினார்? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

சுமித்ரா


ஓசூர்
14.10.2025

அண்ணி,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

பதினொன்று பத்துக்கு இருந்தது நான்தான். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது சங்கு இரண்டு முறை சும்மா ஊதியது, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் பலகாரத்தைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பொன்னாயி அக்கா, "முருகானந்தத்தோட சங்கு வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஊளையிடுது" என்றார். ஊரே சிரித்தது. அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மிளகு போடப் போன நேரம் பார்த்து, நாற்பது என்று இருந்ததை எண்பது ஆக்கினேன். எண்பது மில்லி பெய்தால்தான் இனி ஊதும். மேக் செக் ஓட்டினால் பதினாலாவது தோற்று விழும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஓட்டவில்லை. நேராக இன்ஸ்டால் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். உங்களுக்கும் அதையே செய்யச் சொன்னேன்.

அன்று மேட்டு ஓடையில் அவர் நின்றபோது ஐம்பது தாண்டியிருக்கும். பழைய அளவு இருந்திருந்தால் சங்கு ஊதியிருக்கும். சத்தம் கேட்டு இறங்கியிருப்பார். இதை நான் தினமும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரே விடைதான் வருகிறது.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் சேலம் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். போன் அடித்தது. 'அண்ணன்' என்று வந்தது. கண்டுபிடித்துவிட்டார், திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அடித்து ஓயட்டும் என்று பையில் போட்டுக்கொண்டேன். ஓசூர் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அண்ணன் என்னிடம் எதுவுமே பேசவில்லை, அண்ணி. நான் பேச விடவில்லை.

நீங்கள் எந்தப் போனிலிருந்து அடிக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? ஒவ்வொரு முறையும் என் திரையில் 'அண்ணன்' என்றுதான் வருகிறது. நீங்கள்தான் என்று தெரியும். தெரிந்தும் கை போகமாட்டேன் என்கிறது. எடுத்தால் அவர் குரல் கேட்டுவிடுமோ என்று பயம். கேட்காமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். அந்தப் பெயரை அழிக்கவும் முடியவில்லை.

எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

சந்தோஷ்


ஈச்சங்காட்டுப்பட்டி
23.10.2025

தம்பி சந்தோஷுக்கு,

அண்ணி எழுதுவது. மாமா நலம். தீபாவளிக்கு எண்ணெய் வைக்கவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை. நீ சாப்பிட்டாயா என்று மாமா கேட்கச் சொன்னார்.

கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடத்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஊர் சிரித்ததற்காக ஒரு ஊரின் சங்கை அடைத்தாயே, பாவி. அவரே சிரித்துவிட்டுப் போனார், உனக்கு என்ன வந்தது? அப்புறம் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்காகவா உனக்காகவா என்று தெரியவில்லை.

ஆனால் அந்தக் காரணத்தைத் தவிர நீ எழுதியதில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்றுதான், 'அண்ணன்' என்று உன் திரையில் வருவது. அது எனக்குத் தோன்றவே இல்லை. மற்றதெல்லாம் செப்டம்பர் பத்தாம் தேதி உனக்கு எழுதும்போதே தெரியும். நீயாக உன் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். திறக்க வேண்டாம் என்று நீ சொன்ன கோப்புகளைத் திறந்து பார்த்தேன். நடுக்கோப்பில் எண்பது இருந்தது. நானே என் கையால் நாற்பது ஆக்கினேன். மேக் கொடுத்து, மேக் செக் ஓட்டினேன். பதினாலும் சரி. கடைசியில், "எல்லாஞ் சரிங்க. நான் வாரேன்" என்று வந்தது. படித்துக் காட்டினேன். மாமா திரையைப் பார்த்து, "சரி சாமி, பாத்துப் போ" என்றார். நான் இன்ஸ்டால் கொடுத்தேன்.

இந்த மழையில் சங்கு மூன்று முறை சும்மா ஊதியிருக்கிறது. ஒருவரும் திட்டவில்லை. பொன்னாயி அக்காதான் முதல் ஆளாக ஆட்டைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார். நாலாவது முறை ஊதியபோது ஓடைப் பக்கம் மண் உண்மையாகவே இறங்கியது. இரண்டு மாட்டுக் கொட்டகை போயிற்று, ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை.

இப்போது நான் கேட்ட கேள்வி. உன் அண்ணன் நாலு ஐந்துக்கு என்ன பேச நினைத்தார் என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாலு மணிக்குச் சோதனை ஓட்டியிருக்கிறார், பதினாலாவது விழுந்திருக்கிறது, எண்பதைப் பார்த்திருக்கிறார். உனக்கு அடித்துப் பார்த்துவிட்டு வந்து, அந்தச் சோதனைக்குப் பக்கத்தில் நாலு இருபதுக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். மெஷின் அதைப் படிக்காதாம், மனிதர் படிப்பதற்காக எழுதுவதாம். எழுத்து மாறாமல் உனக்கு எழுதுகிறேன்:

"தம்பி எம்பது போட்டிருக்கான். வெவரம் தெரிஞ்சவன், காரணம் இல்லாம மாத்தமாட்டான். குழாய் தப்பா காட்டுதோ என்னமோ. போன் அடிச்சேன், எடுக்கல. பஸ்ல அசந்து தூங்கறானாட்ட இருக்குது, பாவம். தூறல்தான் போடுது, மேல போயி குழாய அளந்து பாத்துட்டு வந்து அவங்கிட்ட கேட்டுக்கறேன். அதுவரைக்கும் அவன் போட்டதே இருக்கட்டும்."

திட்டுவதற்கு அடிக்கவில்லை தம்பி. உன்னிடம் கேட்டுக்கொள்ளத்தான் அடித்தார்.

இதை உனக்குச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். சொன்னால் நீ இன்னும் உடைவாய் என்று தெரியும். ஆனாலும் அவர் உனக்கு எழுதியது, நான் வைத்துக்கொள்ள முடியாது.

தண்டனை கேட்டாய். நவம்பர் மூன்றாம் தேதி சாயங்காலம் பாறைமேல் ஏறி உனக்குப் போன் செய்வேன். புதிதாக ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொல்கிறார். வாங்கமாட்டேன். இதே போன், இதே நம்பர், நாலு மணி ஐந்து நிமிடம். மாமாவும் கூட இருப்பார், முழங்காலைப் பிடித்துக்கொண்டாவது ஏறி வருகிறேன் என்கிறார். உன் திரையில் அண்ணன் என்றுதான் வரும்.

இந்தத் தடவை எடு, கண்ணு.

உன் அண்ணி,
சுமித்ரா